பலகைக்கு அடியில்

உருகிய ஈயம் மேலிருந்து கீழேதான் விழும் என்று தெரிந்துகொள்ள எஞ்சினியரிங் டிகிரி தேவையில்லை. எனக்கு டிகிரி இருந்தும், கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்த பிறகுதான் அது உறைத்தது. அமெரிக்காவில், பிட்ஸ்பர்க்குக்கு வெளியே ஒரு வீட்டின் பேஸ்மெண்ட். மாடல் ரயில் ஓடும் ஒரு பெரிய பலகைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, ஒரு பழைய இணைப்பைச் சூடாக்கிப் பிரித்துக்கொண்டிருந்தேன். "எல்லாருக்கும் முதல் சொட்டு கன்னத்துலதான். கண்ணாடியைக் கழட்டாம இரு, போதும்" என்றார் பக்கத்தில் படுத்திருந்த அலுவலக நண்பர். அறுபது வயதுக்காரர். நாற்பது வருஷமாக அவருக்கு இந்தக் கிறுக்கு இருக்கிறது.

மாடல் ரயில் என்றதும் பிறந்தநாளுக்குக் கிடைக்கும் வட்டத் தண்டவாளத்தை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது, ஒரு அறை முழுக்க, சில வீடுகளில் பேஸ்மெண்ட் முழுக்க, மலையும் ஆறும் ஸ்டேஷனும் சரக்கு யார்டுமாக ஒருவர் முப்பது வருஷம் உட்கார்ந்து கட்டுவது. பெரும்பாலும் ஹெச்ஓ என்ற அளவில் கட்டுவார்கள். நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். இந்த வீட்டுக்காரர் கட்டியிருந்தது பென்சில்வேனியா ரயில்ரோடு. அதில் ஆல்டூனாவுக்குப் பக்கத்தில் அலிகேனி மலையேறும் இடத்தில் 1854-இல் போட்ட ஹார்ஸ்‌ஷூ கர்வ் வளைவும் உண்டு. நிஜ வளைவில் இன்றும் வண்டிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்காரர்தான் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவருடைய மனைவி வீட்டை விற்றாக வேண்டும். முழு லேஅவுட்டையும் எவராலும் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதெல்லாம் சுவரோடு சுவராகக் கட்டியது. வளைவு இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து உள்ளூர் மாடல் ரயில் கிளப்பில் வைக்கலாம் என்று முடிவானது. "நீ சாஃப்ட்வேர் ஆள்தானே, வயர் பார்க்கத் தெரியும்தானே" என்று நண்பர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நிறைய இருந்தது.

*

ஒரு ரயில் ஓட இத்தனை வயர் எதற்கு? இந்த வண்டிகளுக்குக் கரண்ட் தண்டவாளம் வழியாகவே வருகிறது. இடது தண்டவாளம் ஒரு முனை, வலது தண்டவாளம் இன்னொரு முனை. பழைய முறையில், ஒரே பாதையில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக ஓட்ட வேண்டுமென்றால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும். 1990-களில் டிசிசி என்ற டிஜிட்டல் முறை வந்தது. கரண்ட்டும் கட்டளையும் ஒரே தண்டவாளத்தில் போகும், ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் இருக்கிற சின்ன டீகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். இனி இரண்டே வயர் போதும் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நம் துறையில் புது ஃப்ரேம்வொர்க் ஒவ்வொன்றும் வரும்போது நாம் படும் அதே சந்தோஷம்.

இரண்டு வயர் போதவில்லை. தண்டவாளத்தைச் செய்வது நிக்கல் சில்வரில். பெயரில்தான் வெள்ளி இருக்கிறது. உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். செம்போடு ஒப்பிட்டால் இது கரண்ட்டைச் சுமாராகத்தான் கடத்தும். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்னத் தகடுகளோ நாளாக ஆகத் தளர்ந்துவிடும், அழுக்கு ஏறும். அதனால் பலகைக்கு அடியில் தடித்த செம்பு வயர் இரண்டை முதுகெலும்பு மாதிரி ஓடவிடுவார்கள். இதற்கு பஸ் என்று பெயர். மூன்றடி, ஆறடிக்கு ஒருமுறை அதிலிருந்து மெல்லிய ஃபீடர் வயர்கள் மேலே ஏறி, பலகைத் துளை வழியாகத் தண்டவாளத்தைத் தொடும். இதோடு பாதை மாற்றும் மோட்டார்கள், சிக்னல் விளக்குகள், வண்டி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் சென்சார்கள். ஒரு நடுத்தர லேஅவுட்டுக்கு அடியிலேயே நூற்றுக்கணக்கான முனைகள் தொங்கும்.

இதற்கு ஒரு பரிசோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு காசை எடுத்துத் தண்டவாளத்தின் குறுக்கே வைக்க வேண்டும். வேண்டுமென்றே ஷார்ட் ஆக்குவது. பிரேக்கர் உடனே விழுந்துவிட்டால் வயரிங் சரி. விழாவிட்டால் நடுவில் எங்கோ தடை அதிகம் என்று அர்த்தம். நிஜமான ஷார்ட் வரும் நாளில் பிரேக்கருக்கு விஷயமே தெரியாது. ஐந்து ஆம்பியர் வரை அந்த இடத்திலேயே பாய்ந்து எஞ்சினின் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். லேஅவுட் முழுக்க அங்கங்கே காசு வைத்துப் பார்த்துக்கொண்டே போவார்கள். பிரச்சனை வருவதற்கு முன்னால் பிரச்சனையை நாமே கூப்பிட்டுப் பார்ப்பது.

*

இப்போது அந்தப் பலகைக்கு அடியில் நான் பார்த்தது.

வீட்டுக்காரர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்ச்காரர்களின் வழக்கப்படி, வயர்களைக் கற்றையாகச் சேர்த்து மெழுகு பூசிய நூலால் சீரான இடைவெளியில் முடிச்சுப் போட்டிருந்தார். பிளாஸ்டிக் டை ஒன்றுகூடக் கிடையாது. கற்றைகள் நேர்கோட்டில் ஓடி, சரியான கோணத்தில் திரும்பி, கிளை பிரிந்தன. ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் சின்ன வெள்ளை டேக்கில் அச்சடித்த எண். நான் டார்ச்சை அசைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோயில் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி என்று எழுதினால் மிகையாக இருக்கும். ஆனால் அப்படித்தான் பார்த்தேன்.

"இது ஒரே சனிக்கிழமை வேலை" என்றேன்.

நான்கு சனிக்கிழமை ஆனது. எண்கள் இருந்தன, அந்த எண்களுக்கு அர்த்தம் சொல்லும் பட்டியல் இல்லை. 87 என்ன செய்கிறது? சிக்னலா, சென்சாரா, மலைக்குள் இருக்கும் விளக்கா? மேசை இழுப்பறை, டூல் பெட்டி, பழைய பத்திரிகைகளின் நடுப்பக்கம் வரை தேடிவிட்டோம். "அவருக்கு எல்லாம் மனசுல இருந்தது. யாராவது கேட்டா யோசிக்காமச் சொல்லுவார்" என்றார் அவர் மனைவி. அதில் பெருமைதான் இருந்தது, குறை எதுவும் இல்லை. நாங்கள் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகப் பீப் சத்தம் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தோம். கற்றையாக இறுக்கிக் கட்டியிருந்ததால் ஒரு வயரைப் பிடித்து ஆட்டி மறுமுனை எங்கே அசைகிறது என்று பார்க்கவும் வழியில்லை. அந்த அழகே எங்களுக்குக் குறுக்கே நின்றது.

அதே லேஅவுட்டில், அவர் முதன்முதலில் கட்டிய மூலை ஒன்று இருந்தது. சின்ன யார்டு, நான்கு பாதை. அடியில் பார்த்தால் நூடுல்ஸ். சிவப்பு தீர்ந்தபோது பச்சை, பச்சை தீர்ந்தபோது ஏதோ பழைய ஸ்பீக்கர் வயர். ஆனால் ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் மரத்தின் மேலேயே பென்சிலால் எழுதியிருந்தார். 'யார்டு மூணாவது பாதைக்குப் போகிறது.' 'இதைத் தொடாதே, இது இல்லாவிட்டால் பாலம் செத்துவிடும்.' 'இரண்டும் ஒரே நிறம், இடதுதான் சரி, '89 மார்ச்.' ஒரு இடத்தில் ஆங்கிலத்தில் நல்ல கெட்ட வார்த்தை ஒன்று, மூன்று ஆச்சரியக்குறியோடு.

அந்த மூலையை ஒரு மணி நேரத்தில் முடித்தோம்.

யோசித்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது. 1989-இல் அவர் இதற்குப் புதுசு. எதுவும் நினைவில் நிற்கவில்லை. தனக்காகத்தான் எழுதி வைத்தார். பிறகு கை தேறியது, நினைவும் தேறியது, எழுதுவது நின்றுபோனது. கைவண்ணம் கூடக்கூட அந்தப் பலகையின் அடிப்பக்கம் வாய் மூடிக்கொண்டது.

*

கண்ணுக்குத் தெரியாத பக்கத்தை ஏன் ஒழுங்காகச் செய்ய வேண்டும்? கேள்வி பழையது. ஒரு பதில் எல்லோருக்கும் தெரியும்: மனிதன் பார்க்காவிட்டாலும் கடவுள் பார்ப்பார், அதனால் சிலையின் முதுகையும் முகத்தைப் போலவே செதுக்கு. இதே பதிலைக் கடவுளை எடுத்துவிட்டுச் சொன்னால் அதுதான் ஸ்டீவ் ஜாப்ஸ். வால்டர் ஐசக்சன் 2011-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், வேலியின் பின்பக்கத்தையும் முன்பக்கம் போலவே செய்ய வேண்டும் என்று அப்பா பால் ஜாப்ஸ் கற்றுக்கொடுத்த கதை வரும். 1984-இல் வந்த மேகின்டாஷின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுகூடப் பார்க்க அழகாக இருக்க வேண்டுமென்று ஜாப்ஸ் அடம் பிடித்தார். கல்லூரியில் எங்கள் ஹாஸ்டலில் இந்தக் கதையைச் சொல்லாதவனே கிடையாது.

அந்தக் கதையில் யாரும் சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. அந்த மேகின்டாஷைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடியாது. அதற்கென்று நீளக் கைப்பிடி வைத்த தனிக் கருவி வேண்டும். வாங்கியவர் உள்ளே கை வைக்கக் கூடாது என்பதுதான் எண்ணம். உறையின் உட்புறத்தில் அதைச் செய்தவர்களின் கையெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அழகான உட்புறம், கலைஞர்களின் கையெழுத்து, பூட்டிய கதவு. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அது கொஞ்சம் தன்னைத்தானே கண்ணாடியில் பார்த்துக்கொள்வதாகவே படுகிறது. நூல் முடிச்சுப் போட்ட அந்தக் கற்றைகளையும் அந்த ரகத்தில்தான் வைக்கிறேன். எவ்வளவு ரசித்தாலும்.

இதற்கு நேர் எதிரான ஒரு பலகையும் சரித்திரத்தில் இருக்கிறது. எம்ஐடியில் 1946-இல் தொடங்கிய டெக் மாடல் ரயில்ரோடு கிளப். இரண்டாம் உலகப்போர் காலத்தில் தற்காலிகமாகக் கட்டி, 1998 வரை இடிக்காமல் வைத்திருந்த பில்டிங் 20-இல் அவர்களுடைய லேஅவுட் இருந்தது. மேலே மலையும் வண்டியும் செய்கிறவர்கள் ஒரு கூட்டம். அடியில் என்ன ஓடுகிறது என்பதிலேயே பித்துப் பிடித்த இன்னொரு கூட்டம், சிக்னல்ஸ் அண்ட் பவர் சப்கமிட்டி. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களைக் கொண்டுவந்து அடியில் ஒரு பெரிய அமைப்பையே கட்டினார்கள். ஸ்டீவன் லெவி 1984-இல் எழுதிய 'ஹேக்கர்ஸ்' இந்தக் கூட்டத்தில்தான் தொடங்குகிறது. இன்று நாம் சொல்கிற அர்த்தத்தில் 'ஹேக்' என்ற வார்த்தையும் அந்தப் பலகைக்கு அடியிலிருந்து வந்ததுதான்.

எனக்கு அங்கே முக்கியமாகப் படுவது வேறு. அது மாணவர்களின் கிளப். நாலைந்து வருஷத்தில் ஆள் போய்விடுவான், அவன் கட்டியது இருக்கும். அடுத்து வருபவன் அதன்மேல் கட்டியாக வேண்டும். பீட்டர் சாம்ஸன் என்ற உறுப்பினர் 1959-இல் கிளப்பில் புழங்கிய சொற்களுக்கு ஒரு அகராதியே தொகுத்தார். விளையாட்டாகச் செய்ததுதான். ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், விளையாட்டுக்குக்கூட எழுதி வைக்கத் தோன்றுகிறது. பேஸ்மெண்டில் தனியாக இருப்பவருக்குத் தோன்றுவதில்லை. மனசில் இருக்கிறதே, போதாதா.

*

நான்கு சனிக்கிழமையும் எனக்கு அந்த மனிதர்மேல் எரிச்சல் வந்துகொண்டே இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று மூன்றாவது சனிக்கிழமைதான் பிடிபட்டது. இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்கா வருவதற்கு முன் சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஆறு வருஷம் இருந்தேன். சப்ளையர்களுக்குப் பணம் போகும் மாட்யூல் ஒன்றை நான்தான் முழுக்க எழுதினேன். சுத்தமான கோட். ரிவ்யூ செய்தவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் எந்தப் பணம் எப்போது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு டேபிளில் வெறும் எண்களாக வைத்திருந்தேன். அறுபது, எழுபது எண்கள். அவற்றின் அர்த்தம் எனக்குத் தெரியும். டாகுமெண்ட் எழுதச் சொல்லி இரண்டு மேனேஜர்கள் கேட்டார்கள். எழுதுகிறேன் என்றேன். நேரம் இல்லாமல் இல்லை. அந்த எண்கள் என் தலைக்குள் இருக்கிறவரை என்னை யாரும் அசைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். லேஆஃப் வந்த வருஷம் பக்கத்து சீட்டுகள் காலியானபோது என் சீட் காலியாகவில்லை. அதை நான் திறமை என்று வீட்டில் சொன்னேன்.

வேலையை விட்டு வந்த பிறகு, அந்த மாட்யூலை எடுத்துக்கொண்ட பெண் போன் செய்வாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். அங்கே ராத்திரி பதினொரு மணி, இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். "அண்ணா சாரிண்ணா, ஒரே ஒரு டவுட்." முதல் இரண்டு முறை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே சந்தோஷம். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்தும் நான் இல்லாமல் அது ஓடவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது மீட்டிங்கில் இருந்தேன், எடுக்கவில்லை. அன்றைக்கு அவள் 37-ஐத் தன் ஊகத்தில் மாற்றியிருக்கிறாள். 37 என்றால் நிறுத்தி வை. பேர் இருந்திருந்தால் ஒரு குழந்தைகூட மாற்றியிருக்காது. சில சப்ளையர்களுக்குப் பணம் இரண்டு முறை போனது. விளக்கம் அவள் எழுதிக் கொடுத்தாள். அந்த வருஷ அப்ரைசலில் அது இருந்தது.

அவள் என்னைக் குறை சொல்லவே இல்லை. "உங்க கோட் ரொம்ப நீட்டா இருக்கும்ணா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். நானும், பரவாயில்லைம்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான் என்று சொன்னேன். சொல்லியிருக்கிறேன், பாருங்கள்.

*

இதை அலுவலக நண்பரிடம் அடியில் படுத்திருந்தபோது சொன்னேன். அவர் இரண்டையும் சேர்த்துப் பேச விடவில்லை. "நீ சம்பளம் வாங்கினே, அவர் வாங்கலே. அவர் வீடு, அவர் காசு, அவர் ரயில். நாம வந்து இங்கே படுப்போம்னு அவருக்கு என்ன தலைவிதி?" என்றார். பாதி சரி. பொழுதுபோக்குக்குக் கட்டிய ஒன்றுக்கு யாருக்கும் விளக்கக் கையேடு விட்டுப் போகும் கடன் கிடையாது. யாரும் வராமலே போகலாம். மாடல் ரயில்காரர்கள் மத்தியில் பெரிய பெயர் ஜான் ஆலன். கலிபோர்னியாவில் மான்டெரேயில் அவர் கட்டிய 'கோரி அண்ட் டிஃபீட்டட்' லேஅவுட்டின் படங்களைப் பார்த்து ஒரு தலைமுறையே இந்தப் பழக்கத்துக்குள் வந்தது. 1973 ஜனவரி 6-ஆம் தேதி அவர் இறந்தார். பத்தே நாளில் தீப்பிடித்து லேஅவுட்டின் பெரும்பகுதி போய்விட்டது. அடியில் என்ன எழுதி வைத்திருந்தாலும் படிக்க ஆள் வந்திருக்கப் போவதில்லை.

ஆனால் நண்பர் சொன்ன சம்பளக் கணக்கு எனக்கு முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்த் தையல்காரர் பள்ளிக்கூட நிக்கர் தைக்கும்போது உள்ளே இரண்டு விரல் துணி மடித்து விட்டுத்தான் தைப்பார். அடுத்த வருஷம் பையன் வளர்ந்து வந்தால் பிரித்துவிடலாம். பிரிக்க வேறு தையல்காரரிடம் போனாலும் போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் அந்த மடிப்பு அழகும் இல்லை, அசிங்கமும் இல்லை. வயரிங் செய்கிறவர்களும் இப்படித்தான், முனையில் ஒரு சாண் வயரைச் சுருட்டி உபரியாக விடுவார்கள். பின்னால் யாராவது வெட்டி மாற்றிப் பற்றவைக்க வேண்டியிருக்கும் என்று. எல்லாம் அளவாக, இழுத்துக் கட்டினாற்போல் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். கை வைக்கத்தான் இடமிருக்காது.

அந்த மனிதர் எண்களை மறைத்து வைத்தாரென்று நான் சொல்லவில்லை. மறந்திருக்கலாம், அடுத்த மாதம் எழுதலாம் என்று நினைத்திருக்கலாம். கேட்டால் யோசிக்காமல் சொல்வார் என்று மனைவி சொன்னதில், கேட்கப்படுவதன் சுகமும் கொஞ்சம் இருந்திருக்கலாம். எனக்கு அந்தச் சுகம் தெரியும், அதனால் அப்படித் தோன்றுகிறது. அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என்னுடையது மறதி இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நான்காவது சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து, நினைவிலிருந்து அந்த எண்களை எழுத ஆரம்பித்தேன். 1 முதல் 68 வரை. நான்கைந்து வரவே இல்லை. எனக்கே. மீதியை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். 37 பற்றி, நான் ஏன் எழுதி வைக்கவில்லை என்பதையும் நாலு வரி எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "அண்ணா, அந்த சிஸ்டத்தையே போன வருஷம் தூக்கிட்டாங்க. நானும் இப்ப அங்க இல்லை. நல்லா இருக்கீங்களா?" மற்ற நாலு வரியைப் பற்றி ஒன்றும் இல்லை.

வளைவு இப்போது கிளப்பில் இருக்கிறது. வண்டி ஓடுகிறது, காசு வைத்த இடமெல்லாம் பிரேக்கர் விழுந்தது. பட்டியலை அச்சடித்து பிளாஸ்டிக் உறை போட்டு அடியிலேயே ஆணி அடித்து மாட்டியிருக்கிறோம். ஒரே ஒரு வயர் மட்டும் எதில் சேர்த்தி என்று கடைசி வரை தெரியவில்லை. எண் 112. மீட்டர் வைத்தால் பீப் வருகிறது, ஆனால் எடுத்தாலும் எதுவும் நிற்கவில்லை, கொடுத்தாலும் எதுவும் எரியவில்லை. வெட்டி எறிந்துவிடலாம் என்றார் நண்பர். நான் அதைச் சுருட்டி, பக்கத்தில் பலகை மேலேயே பென்சிலால் எழுதினேன்: '112 - எதற்கென்று தெரியவில்லை. மூன்று பேர் தேடினோம். இழுப்பதற்கு முன் இன்னொருமுறை பாருங்கள்.' தேதியும் போட்டேன்.